துணியை மூடிய துணி

2003 ஜனவரி கடைசி வாரம். நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில், பாதுகாப்புச் சபை அறைக்கு வெளியே ஒரு சுவர். உள்ளே பேசிவிட்டு வரும் தூதர்கள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுதான் கேமராக்களுக்குப் பதில் சொல்வார்கள். அவர்கள் தலைக்குப் பின்னால் பதினேழு ஆண்டுகளாகப் பெரிய கம்பளச் சித்திரம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கதறும் குதிரை. செத்த பிள்ளையை ஏந்திக்கொண்டு வானத்தைப் பார்த்து அலறும் தாய். தீப்பிடித்த வீட்டிலிருந்து இரு கைகளையும் தூக்கியபடி விழும் ஓர் உருவம். தரையில், உடைந்த வாளோடு துண்டாகிக் கிடக்கும் கை. அந்த வாரம் அதன் மேல் நீலத் துணியைத் தொங்கவிட்டு, முன்னால் நாடுகளின் கொடிகளை வரிசையாக நிறுத்தினார்கள்.

ஐ.நா. செய்தித் தொடர்பாளர் சொன்ன காரணம் எளிமையானது. கேமராக்கள் நிறைய வருகின்றன, தொலைக்காட்சிக்கு நீலப் பின்னணி பொருத்தமாக இருக்கும் என்றார். பெயர் சொல்ல விரும்பாத சில தூதர்கள் பத்திரிகையாளர்களிடம் வேறு காரணம் சொன்னார்கள். ஈராக் மீது படையெடுக்க வேண்டும் என்று வாதிட வருகிறவர்கள், குண்டுவீச்சில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முகத்துக்கு முன்னால் நின்று பேசுவது பொருந்தாது என்பது அந்தக் காரணம். எது உண்மையாக இருந்தாலும், பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பாதுகாப்புச் சபைக்கு வந்தபோது சுவர் நீலமாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பற்றி நம் ஊரில் சொல்வார்கள். இங்கே மறைத்தது, இருபதடிக்கும் மேல் அகலமான ஒரு படுகொலையை.

அந்தத் துணி அந்தச் சுவருக்கு வந்து சேர்ந்த வழி நெடியது. அதன் தொடக்கம் 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை.

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் மக்களின் பழைய நகரம் கெர்னிகா. அங்கே ஒரு கருவாலி மரத்தடியில் நின்றுதான் பாஸ்க் மக்களின் உரிமைகளைக் காப்போம் என்று ஆள்கிறவர்கள் நூற்றாண்டுகளாக உறுதிமொழி கொடுத்து வந்தார்கள். திங்கட்கிழமை சந்தை நாள். மாலை நாலரை மணிவாக்கில் முதல் விமானம் வந்தது. ஹிட்லர் அனுப்பிய கோண்டோர் படைப்பிரிவும் முசோலினியின் விமானங்களும் மூன்று மணி நேரம் அலை அலையாக வந்து வெடிகுண்டும் தீக்குண்டும் போட்டன. வயல்வெளிக்கு ஓடியவர்களைத் தாழப் பறந்து துரத்திச் சுட்டன. ஊரின் பெரும்பகுதி எரிந்து போயிற்று. இறந்தவர்கள் 1,654 பேர் என்றது பாஸ்க் அரசு. பிற்கால ஆய்வாளர்கள் பலர் சில நூறு என்று கணக்கிடுகிறார்கள். ஆயுதத் தொழிற்சாலை தப்பியது. படை போகும் வழியிலிருந்த பாலமும் தப்பியது. சந்தை எரிந்தது, வீடுகள் எரிந்தன.

‘டைம்ஸ்’ நாளிதழின் நிருபர் ஜார்ஜ் ஸ்டீர் அன்றிரவே அங்கே போய்ச் சேர்ந்தார். ஜெர்மன் முத்திரை பதித்த தீக்குண்டுக் குழல்களைக் கண்ணால் பார்த்தார். ஏப்ரல் 28 அன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் அவருடைய செய்தி அச்சாகியது. பின்வாங்கிய பாஸ்க் வீரர்களே தங்கள் ஊரைக் கொளுத்திக்கொண்டார்கள் என்றது, குடியரசு அரசுக்கு எதிராகக் கலகம் செய்த தளபதி பிராங்கோவின் தரப்பு. ஜெர்மனி மறுத்தது. அந்த நாட்டின் குடியரசுத் தலைவர் ஒருவர், ரோமன் ஹெர்ட்சோக், தம் விமானிகளின் குற்றத்தை ஏற்று உயிர் பிழைத்தவர்களுக்குச் செய்தி அனுப்ப 1997 ஆயிற்று. அறுபது ஆண்டுகள்.

கெர்னிகா எரிந்ததைவிட என்னை அதிகம் உறுத்துவது அதே நாட்களில் லண்டனில் நடந்துகொண்டிருந்த கூட்டம். 1936 ஆகஸ்டில் ஐரோப்பிய நாடுகள் 27 சேர்ந்து ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தலையிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டன. ‘தலையிடாமைக் குழு’ என்று பெயர் வைத்து செப்டம்பர் 9 முதல் லண்டனில் கூடின. பெயர் நல்ல பெயர். ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் யார்? ஜெர்மனிக்காக ரிப்பன்டிராப். இத்தாலிக்காக கிராண்டி. சோவியத் ஒன்றியத்துக்காக மைஸ்கி. பிராங்கோவுக்கு விமானமும் படையும் அனுப்பியவர்களும் குடியரசு அரசுக்கு டாங்கி அனுப்பியவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, யாரும் அனுப்பக்கூடாது என்று மாதக்கணக்கில் விவாதித்தார்கள். அனுப்புகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

1937 ஏப்ரல் 19 நள்ளிரவிலிருந்து அந்தக் குழு ஒரு கடற்காவல் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஸ்பெயினுக்குள் ஆயுதம் போகாமல் கப்பல்களைக் கண்காணிப்பது அதன் வேலை. கரைகளைப் பங்கு போட்டார்கள். பிராங்கோவின் கையிலிருந்த கரைகள் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும். குடியரசு அரசின் கையிலிருந்த மத்தியதரைக் கடற்கரை ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும். யாரை எதிர்த்துக் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்களோ, அவர்கள் துறைமுகங்களுக்கே அந்த இரு நாடுகளும் சர்வதேசச் சம்மதத்தோடு காவல் நின்றன. காவல் தொடங்கி ஒரு வாரம் ஆவதற்குள் கெர்னிகா எரிந்தது. எரித்தவர்கள் மீது அந்தக் குழு ஒரு நடவடிக்கையும் எடுக்கவில்லை.

ஒவ்வொரு நாட்டுக்கும் கணக்கு இருந்தது. ஜெர்மனிக்கு ஸ்பெயினின் இரும்புத் தாதும் கந்தகக் கல்லும் வேண்டும். புதிதாகக் கட்டிய விமானப்படையைப் பழக்கிப் பார்க்க ஒரு வானமும் வேண்டும். கோரிங் இதை 1946இல் நியூரம்பெர்க் விசாரணைக் கூண்டிலேயே சொன்னார். பிரிட்டனுக்கு ஸ்பெயினில் சுரங்க முதலீடு இருந்தது. இடதுசாரிப் புரட்சி குறித்த அச்சமும் இருந்தது. ஸ்டாலின் ஆயுதம் கொடுத்தார், ஆனால் ஸ்பெயினின் தங்கத்தில் சுமார் 510 டன் 1936 அக்டோபரில் கார்ட்டஹீனா துறைமுகத்திலிருந்து கப்பலேறி சோவியத் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கா 1937 ஜனவரியில் ஆயுத விற்பனைக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. தடையில் பெட்ரோலியம் இல்லை. டெக்சாகோ நிறுவனம் பிராங்கோவுக்குக் கடனிலேயே எண்ணெய் அனுப்பிக்கொண்டிருந்தது. தேர்தலில் வென்ற ஓர் அரசு தன்னைக் காத்துக்கொள்ள ஆயுதம் வாங்க முடியாமல் போனது. அதன் பெயர்தான் தலையிடாமை. வெளிப்படையாக அந்த அரசுக்குத் துப்பாக்கி கொடுத்த தொலைதூர நாடு ஒன்றே ஒன்று: மெக்சிகோ. அந்த நாட்டின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1938 ஜூனில் நேரு பார்சிலோனா போனார். கிருஷ்ண மேனன் உடன் போனார். குண்டு விழும் நகரத்தில் ஐந்து நாட்கள் தங்கினார்கள். தலையிடாமை என்பது ஏமாற்று என்று நேரு வெளிப்படையாகவே எழுதினார், பேசினார். அடிமை நாட்டிலிருந்து போன ஒரு மனிதருக்கு அந்த உண்மையைச் சொல்வதில் இழக்க ஒன்றுமில்லை. இதற்குத் திரும்பி வருகிறேன்.

அந்தக் கம்பளத்துக்கு மூலமான ‘கெர்னிகா’ ஓவியத்தின் கதை பலருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். பாரிஸ் கண்காட்சியின் ஸ்பெயின் அரங்குக்கு ஒரு பெரிய ஓவியம் வேண்டும் என்று குடியரசு அரசு பிக்காஸோவிடம் கேட்டிருந்தது. மாதக்கணக்கில் அவருக்குப் பொருள் பிடிபடவில்லை. கெர்னிகா செய்தி வந்தது. மே 1 அன்று முதல் கோட்டுருவம், ஜூன் தொடக்கத்தில் முழு ஓவியம். மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் அகலம். பிறகு அது நாடு நாடாக அலைந்தது. ஆஸ்லோ, கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம். 1938 அக்டோபரில் லண்டன். ஹிட்லருக்குச் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியைத் தூக்கிக் கொடுத்த மியூனிக் ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள். 1939 ஜனவரியில் லண்டனின் ஏழைப் பகுதியான ஒயிட்சேப்பலில் வைத்தார்கள். திறந்து வைத்தவர் கிளெமென்ட் அட்லி. ஸ்பெயின் வீரர்களுக்காக மக்கள் ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள், அந்தப் பூட்ஸ் ஓவியத்தின் கீழே குவிந்தது. அதே ஜனவரி 26 அன்று பார்சிலோனா விழுந்தது. பிப்ரவரி 27 அன்று பிரிட்டிஷ் அரசு பிராங்கோவை அங்கீகரித்தது.

ஓவியம் 1939இல் நியூயார்க் போய் அங்குள்ள நவீன ஓவிய அருங்காட்சியகத்தில் தங்கியது. ஸ்பெயினில் மக்களின் உரிமைகள் மீளும் வரை அங்கே போகக்கூடாது என்பது பிக்காஸோவின் கட்டளை. 1981இல்தான் மாட்ரிட் போயிற்று.

கம்பளம் பிறந்தது இதற்கு இடையில். நெல்சன் ராக்பெல்லர் அந்த ஓவியத்தை மிக விரும்பினார். அதை வாங்க வழியில்லை. 1955இல், நெய்து தரச் சொல்லி ஒரு நெசவாளரைத் தேடிப் போனார். தென் பிரான்சில் தறி வைத்திருந்த ஜாக்குலின் த லா போம் தூர்பாக். அவருடைய கணவர் ரெனே முழு அளவில் மாதிரி வரைந்து கொடுக்க, அவர் பாவு கட்டி ஊடையோட்டி அந்தக் கதறலை நூல் நூலாக நெய்தார். பிக்காஸோ சம்மதம் கொடுத்தார். ஓவியத்தில் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் இருந்த இடத்தில் கம்பளத்தில் பழுப்புச் சாயைகள் வந்தன. உலர்ந்த இரத்தம் போன்ற நிறம். அந்தப் பெண்ணின் பெயரை ஐ.நா. சுவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

வாங்கியவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேராவை ராக்பெல்லர் சென்டருக்குச் சுவரோவியம் வரைய அழைத்தவர் இதே நெல்சன் ராக்பெல்லர். அதில் லெனின் முகம் வந்ததும் மாற்றச் சொன்னார். ரிவேரா மறுத்தார். 1934 பிப்ரவரியில் அந்தச் சுவரோவியம் உடைத்தெறியப்பட்டது. கலை தன் வீட்டுச் சுவரில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில் அவருக்கும் எல்லை இருந்தது. ஐ.நா. கட்டடம் நிற்கும் நிலமும் அவர் குடும்பத்திலிருந்து வந்ததுதான். 1946இல் அவருடைய தந்தை 85 லட்சம் டாலர் கொடுத்து வாங்கித் தந்தார்.

கம்பளம் தறியிலிருந்து இறங்கிய மறு ஆண்டு, 1956. அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலுமாக ஒரே வாரத்தில் இரண்டு படையெடுப்புகள். எகிப்தின் மீது பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும். ஹங்கேரியின் மீது சோவியத் படை. சூயஸைப் பற்றி இந்தியா உடனே, உரக்கக் கண்டித்தது. புடாபெஸ்ட்டைப் பற்றிச் சொல்லத் தயங்கியது. சோவியத் படைகள் வெளியேற வேண்டும், ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடக்க வேண்டும் என்று நவம்பர் 9 அன்று பொதுச்சபையில் வந்த தீர்மானத்தைச் சோவியத் அணியோடு சேர்ந்து இந்தியா எதிர்த்து வாக்களித்தது. வாக்களித்தவர் கிருஷ்ண மேனன். காரணம் இருந்தது: குருஷ்சேவ் ஸ்ரீநகருக்கே வந்து காஷ்மீரில் இந்தியாவை ஆதரித்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை, பாதுகாப்புச் சபையில் அந்த வீட்டோ நமக்குத் தேவைப்பட்டது, 1957 பிப்ரவரியில் அது கிடைக்கவும் செய்தது. பார்சிலோனாவில் குண்டுச் சத்தம் கேட்ட அதே இரண்டு பேர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது வல்லரசுகளுக்கு மட்டும் உரிய பழக்கமில்லை. நாம் அதை நம் வீட்டிலேயே பார்க்க வேண்டும்.

1979இல் ராக்பெல்லர் இறந்தார். 1985இல் அவருடைய மனைவி அந்தக் கம்பளத்தை ஐ.நா.வுக்கு இரவலாகக் கொடுத்தார். நன்கொடையாக அல்ல, இரவலாக. பாதுகாப்புச் சபையின் உள்ளே நார்வே ஓவியர் பெர் குரோக் வரைந்த சுவரோவியம் இருக்கிறது. சாம்பலிலிருந்து எழும் பீனிக்ஸ் பறவையும் புதிய உலகமும். வெளியே கெர்னிகா. உள்ளே வாக்குறுதி, வெளியே நினைவூட்டல். யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு போலவே இருந்தது.

நினைவூட்டல் வேலை செய்யவில்லை. 1988 மார்ச் 16 அன்று சதாம் உசேனின் விமானங்கள் ஹலப்ஜா என்ற குர்து நகரத்தின் மீது நச்சு வாயு வீசின. சுமார் 5,000 பேர் செத்தார்கள். கெர்னிகாவைப் போலவே அதுவும் வானத்திலிருந்து வந்த சாவு. பாதுகாப்புச் சபை மே 9 அன்று ஒரு தீர்மானம் போட்டது. ஈராக்–ஈரான் போரில் இரசாயன ஆயுதம் பயன்படுவதைக் கண்டித்தது. இரு தரப்பும் தவிர்க்க வேண்டும் என்றது. செய்தவரின் பெயரைச் சொல்லவில்லை. அப்போது ஈரானுக்கு எதிராக ஈராக் தேவைப்பட்டது. ஈராக் மீது பொருளாதாரத் தடை கொண்டுவர அமெரிக்க செனட்டில் எழுந்த மசோதாவை ரீகன் அரசு எதிர்த்தது. அந்த அரசில் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர் காலின் பவல். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே கட்டடத்துக்கு வந்து, சதாம் குர்துகளை வாயுவால் கொன்ற கொடுமையைப் படையெடுப்புக்கான நியாயங்களில் ஒன்றாகச் சொன்னவரும் அவரே. செத்தவர்கள் அதே ஐயாயிரம் பேர்தான். அவர்களைப் பற்றிப் பேசுவது எப்போது பயன்படும் என்பதுதான் மாறியிருந்தது.

1990 நவம்பர் 29: குவைத்திலிருந்து ஈராக்கை விரட்டப் படை பயன்படுத்தலாம் என்ற தீர்மானம். எதிர்த்து வாக்களித்தவை கியூபாவும் ஏமனும். ஏமனுக்கு வரவிருந்த சுமார் 7 கோடி டாலர் அமெரிக்க உதவி நின்றது. அந்த நெருக்கடியில் ஏமன் எடுத்த நிலைப்பாட்டால், சவூதி அரேபியாவில் வேலை பார்த்த ஏமன் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் ஊர் திரும்ப நேர்ந்தது. ஒரு நிலைப்பாட்டுக்கு அத்தனை குடும்பங்கள் விலை கொடுத்தன.

1994 ஏப்ரலில் ருவாண்டா. ஆயிரக்கணக்கில் மனிதர்கள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஏப்ரல் 21 அன்று, அங்கிருந்த சுமார் 2,500 ஐ.நா. வீரர்களை 270 ஆகக் குறைக்கப் பாதுகாப்புச் சபை ஒருமனதாக முடிவெடுத்தது. அந்தச் சபையில் அன்று உறுப்பினராக உட்கார்ந்து வாக்களித்த நாடுகளில் ருவாண்டாவும் ஒன்று. கொலையை நடத்திய அரசின் பிரதிநிதிக்குச் சபையில் நாற்காலி இருந்தது, செத்தவர்களுக்கு இல்லை. ‘இனப்படுகொலை’ என்ற சொல்லைச் சொன்னால் தலையிடும் கடமை வந்துவிடும் என்று அமெரிக்க அதிகாரிகள் அந்தச் சொல்லையே வாரக்கணக்கில் தவிர்த்தார்கள். நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேர். தலையிட எண்ணெய் இருந்தால் ஒரு பேச்சு, இல்லாவிட்டால் ஒரு பேச்சு என்று நான் எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். அந்த ஏப்ரலை நினைத்தால் எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

மறுபடி 2003. பவல் சபைக்குள் ஒரு சிறு குப்பியை உயர்த்திக் காட்டினார். நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் என்றார், அலுமினியக் குழாய்கள் என்றார். அவற்றில் முக்கியமானவை பிறகு பொய்யாகின. அந்த உரை தம் வாழ்க்கையில் படிந்த கறை என்று 2005இல் அவரே சொன்னார். பிப்ரவரி 14 அன்று பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர் டொமினிக் த வில்பன் போருக்கு எதிராகப் பேசியபோது அந்த அறையில் வழக்கமே இல்லாத கைதட்டல் எழுந்தது. அவர் பேசியது சரி. ஆனால் பத்து நாள் முன்பு, பிப்ரவரி 4 அன்று, தன் பழைய காலனியான ஐவரி கோஸ்ட்டில் ஏற்கெனவே இறக்கியிருந்த பிரெஞ்சுப் படைக்கு இதே சபையில் ஒப்புதல் வாங்கியிருந்தது பிரான்ஸ். அதன் எண்ணெய் நிறுவனம் சதாம் அரசோடு பெரிய எண்ணெய் வயல்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தது. ரஷ்யாவின் லூக்ஆயில் 1997லேயே ஒப்பந்தம் போட்டிருந்தது. சரியான முடிவும் சுயநலமும் ஒரே பக்கம் விழுவது உண்டு. விழும்போது நாடுகள் அதை அறம் என்று அழைக்கின்றன.

இடையில் சிக்கியவை ஆறு நாடுகள்: அங்கோலா, கேமரூன், கினி, சிலி, பாகிஸ்தான், மெக்சிகோ. போருக்கு அனுமதி தரும் இரண்டாவது தீர்மானத்துக்கு அவற்றின் வாக்கு வேண்டும் என்று தூதுக்குழுக்கள் பறந்தன. சபைத் தூதர்களின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க உதவி கேட்ட அமெரிக்க உளவு மின்னஞ்சலை கேத்தரின் கன் என்ற பிரிட்டிஷ் உளவுத்துறை ஊழியர் வெளியே கொடுத்தார். மார்ச் 2 அன்று ‘அப்சர்வர்’ அதை அச்சிட்டது. மெக்சிகோ அசையவில்லை. அந்தத் தீர்மானத்துக்கு வாக்கு கிடைக்காது என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டுவிட்டு அமெரிக்காவும் பிரிட்டனும் போருக்குப் போயின. மெக்சிகோவின் ஐ.நா. தூதர் அடோல்போ அகிலார் சின்செர், தம் நாட்டை அமெரிக்கா கொல்லைப்புறமாக நினைக்கிறது என்று பேசியதற்காக அதே ஆண்டு நவம்பரில் பதவி இழந்தார்.

நம் நாடாளுமன்றமும் பேசியது. பாக்தாத் விழுவதற்கு முந்தின நாள், ஏப்ரல் 8 அன்று. தீர்மானம் இந்தியில் இருந்தது. அதில் ‘நிந்தா’ என்ற சொல். நாம் நிந்தனை என்கிறோமே, அதே சொல். எதிர்க்கட்சிகள் அதைக் கண்டனம் என்று படித்தன. அரசு தந்த ஆங்கில வடிவத்தில் அதைவிட மென்மையான சொல் இருந்தது. ஒரே தீர்மானம் உள்ளூருக்கு ஒரு சூட்டிலும் வாஷிங்டனுக்கு ஒரு சூட்டிலும் போயிற்று.

நீலத் துணி பிறகு அகற்றப்பட்டது. 2009இல் ஐ.நா. கட்டடத்தைச் சீரமைக்கத் தொடங்க, கம்பளம் கடல் கடந்து லண்டன் போனது. எழுபது ஆண்டு முன்பு மூல ஓவியத்தின் கீழே பூட்ஸ் குவிந்த அதே ஒயிட்சேப்பல் கூடம். போலந்தில் பிறந்த கலைஞர் கோஷ்கா மாக்கூகா அதற்கு முன்னால் ஒரு வட்ட மேசை போட்டார்; பாதுகாப்புச் சபையின் மேசையை நினைவூட்டும் மேசை. யார் வேண்டுமானாலும் வந்து கூட்டம் நடத்தலாம். பக்கத்தில் பவல் குப்பியை உயர்த்தும் வெண்கலச் சிலை.

அந்தக் காட்சி திறந்தது 2009 ஏப்ரல் 5. மறுநாள், ஏப்ரல் 6 அன்று, சில மைல் தள்ளி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு முன்னால் ஈழத்தமிழர்கள் திரண்டு உட்கார்ந்தார்கள். வன்னியில் சுருங்கிக்கொண்டே வந்த ஒரு துண்டு நிலத்தில் அவர்களுடைய அப்பா அம்மாவும் அக்கா தங்கையும் குண்டுக்கு நடுவே இருந்தார்கள். போரை நிறுத்துங்கள் என்று வாரக்கணக்கில் கத்தினார்கள். செத்த பிள்ளையை ஏந்திய தாய் அன்று லண்டனில் ஒரு கூடத்துச் சுவரில் இருந்தாள். முள்ளிவாய்க்காலில் மணலில் இருந்தாள்.

பாதுகாப்புச் சபை இலங்கைப் போரின் கடைசி மாதங்களைத் தன் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கவே இல்லை. பேசியதெல்லாம் முறைசாரா உரையாடல், அதுவும் கட்டடத்தின் அடித்தளத்து அறையில். ஓர் அரசின் உள்விவகாரம் என்றன சீனாவும் ரஷ்யாவும். மே 27 அன்று ஜெனீவாவில் மனித உரிமைகள் கவுன்சில் இலங்கை அரசை வரவேற்கும் தீர்மானத்தை 29க்கு 12 என்ற கணக்கில் நிறைவேற்றியது. ஆதரித்தவற்றில் இந்தியா ஒன்று. பாலஸ்தீனத்துக்கும் வியட்நாமுக்கும் குரல் கொடுத்த கியூபா ஒன்று. எதிர்த்த பிரிட்டன், தன் படை ஈராக்கில் செய்ததைப் பற்றி அதே கவுன்சிலில் அப்படி ஒரு சிறப்புக் கூட்டத்தைக் கேட்டதில்லை. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. தன் அமைப்பே தவறிவிட்டது என்று ஐ.நா.வின் உள் ஆய்வு 2012இல் ஒப்புக்கொண்டது. 1936இல் லண்டனில் புழங்கிய அந்தச் சொல், தலையிடாமை, எழுபது ஆண்டு கழித்து நம்மிடம் வந்து சேர்ந்தபோது அதன் பொருள் துளிகூட மாறியிருக்கவில்லை.

கம்பளம் பிறகு அமெரிக்காவின் சான் அன்டோனியோ அருங்காட்சியகத்துக்கும் போய் வந்தது. அது நியூயார்க்கில் இல்லாத 2011 மார்ச் 17 அன்று லிபியா தீர்மானம் வந்தது: பொதுமக்களைக் காக்கப் படை பயன்படுத்தலாம் என்று. பத்து நாடுகள் ஆதரித்தன. இந்தியா, ஜெர்மனி, பிரேசில், ரஷ்யா, சீனா ஒதுங்கின. காப்பதாகப் போனவர்கள் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார்கள்; நாடு சிதறியது. அதைக் காட்டியே ரஷ்யா சிரியா குறித்த தீர்மானங்களைப் பத்துக்கும் மேற்பட்ட முறை வீட்டோ செய்தது, சிரியாவின் ஊர்கள் மீது தானே குண்டும் போட்டது.

2021 பிப்ரவரியில் ராக்பெல்லரின் மகன் கம்பளத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சுவர் வெறுமையானது. சுத்தம் செய்து பராமரிக்கத்தான் எடுத்தோம் என்று பிறகு சொன்னார்கள். 2022 பிப்ரவரி 5 அன்று அது மறுபடி அதே சுவரில் ஏறியது. அந்த மாதம் பாதுகாப்புச் சபையின் தலைமைப் பொறுப்பு சுழற்சி முறையில் ரஷ்யாவிடம் இருந்தது. பிப்ரவரி 23 இரவு சபை கூடியிருந்தபோதே, ரஷ்யத் தூதர் தலைமை நாற்காலியில் இருந்தபோதே, உக்ரைன் மீது தாக்குதலை அறிவித்தார் புதின். தற்காப்புக்கான ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவை அவர் துணைக்கு அழைத்தார். 1999இல் கொசோவோ விவகாரத்தில் சபையைக் கேட்காமல் நேட்டோ யூகோஸ்லாவியா மீது 78 நாள் குண்டு போட்டதைப் பல ஆண்டுகளாகக் கண்டித்தவர்கள் ரஷ்யர்கள். பிறகு கிரிமியாவை இணைத்துக்கொண்டதற்கு அதே கொசோவோவைத்தான் முன்னுதாரணம் காட்டினார்கள்.

25ஆம் தேதி கண்டனத் தீர்மானம் வந்தது. ரஷ்யா வீட்டோ செய்தது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அதை அறிவித்தவர் நம் தூதர், தமிழரான டி.எஸ்.திருமூர்த்தி. சுமார் 20,000 இந்தியர்கள், பெரும்பாலும் மருத்துவ மாணவர்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் பலர், அந்த நேரத்தில் உக்ரைனில் சிக்கியிருந்தார்கள். ராணுவத் தளவாடத்துக்கு ரஷ்யாவை நம்பியிருந்தோம். இந்தக் காரணங்களை நான் சிறியவை என்று சொல்லமாட்டேன். பிறகு ரஷ்ய எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் அதன் பங்கு இரண்டு சதவீதம்கூட இல்லாத நிலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அதைக் காரணம் என்று யாரும் சபையில் சொல்லவில்லை.

உக்ரைன் நகரங்களின் மீது விழும் குண்டுகளுக்காகச் சாசனத்தை உயர்த்திப் பிடித்த அமெரிக்கா, 2023 டிசம்பர் 8 அன்று காசாவில் போர் நிறுத்தம் கேட்ட தீர்மானத்தை வீட்டோ செய்தது. பதின்மூன்று நாடுகள் ஆதரித்தன, பிரிட்டன் ஒதுங்கியது. உக்ரைனின் மரியுபோல் நகரத்தை இடித்த ரஷ்யாவின் தூதர் காசாவின் குழந்தைகளுக்காக உருகிப் பேசினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அமெரிக்கத் தூதர் மரியுபோலைப் பற்றிச் சொன்னதிலும் பொய் இல்லை. இரண்டு உண்மைகளையும் சேர்த்துச் சொல்லும் வாய்தான் அந்த அறையில் அரிது. சின்ன நாடுகளின் தூதர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்களுடைய பேச்சைத் தொலைக்காட்சிகள் காட்டுவதில்லை.

கம்பளம் இன்றும் இரவல் பொருள். ஐ.நா.வுக்குச் சொந்தமில்லை. அதே நெசவாளர் நெய்த இன்னும் இரண்டு கம்பளங்களில் ஒன்று பிரான்சின் கோல்மாரிலும் ஒன்று ஜப்பானின் தக்காசாக்கியிலும் இருக்கின்றன. மூல ஓவியம் மாட்ரிட்டில், ரெய்னா சோபியா அருங்காட்சியகத்தில். 1997இல் பில்பாவோவில் புதிய அருங்காட்சியகம் திறந்தபோது சில மாதங்களுக்காவது அதைக் கொடுங்கள் என்று பாஸ்க் மக்கள் கேட்டார்கள். பயணம் தாங்காது என்று மறுத்துவிட்டார்கள்.

எரிந்த ஊரில், ஒரு தெருச் சுவரில், பீங்கான் ஓடுகளால் செய்த நகல் ஒன்று இருக்கிறது. அதன் கீழே பாஸ்க் மொழியில் இரண்டே சொற்கள்: கெர்னிகா, கெர்னிகாவுக்கு. மூல ஓவியம் அந்த ஊருக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.